கடைசி வாரத்திலும் கையில் காசு: வேலூர்ப் பக்கம் புதுக்குடித்தனம் போட்டவர்களுக்கு ஒரு கணக்கு

ஜூன் முதல் வாரத்தில் எந்த அடகுக் கடையை எட்டிப் பார்த்தாலும் ஆள் நிற்கும். பள்ளிக்கூடம் திறக்கிறது, ஃபீஸ் கட்ட வேண்டும், கம்மல் உள்ளே போகிறது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் என்பது ஜனவரியிலேயே எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஜனவரியில் அதற்கென்று யாரும் ஒரு ரூபாய் எடுத்து வைப்பதில்லை. வீட்டு பட்ஜெட் பெரும்பாலும் இப்படித்தான் உடைகிறது. காய்கறியில் பத்து ரூபாய் கூடிப்போனதால் கடனாளியானவர் குறைவு. வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ வருகிற செலவை மாதக் கணக்கில் சேர்க்காமல் விட்டுக் கடனாளியானவர் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள்.

புதிதாகக் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்தவர்கள், வேலைக்காகக் காட்பாடி, சத்துவாச்சாரி, ராணிப்பேட்டை பக்கம் வீடு பிடித்தவர்கள், இத்தனை நாள் அப்பாவோ மாமியாரோ பார்த்துவந்த கணக்கு இப்போது தங்கள் கைக்கு வந்தவர்கள், இவர்களை நினைத்து எழுதுகிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் போதும். ஆப்பில் எழுதினாலும் தப்பில்லை. ஆனால் நோட்டு என்றால் வீட்டில் எல்லார் கண்ணிலும் படும், ஆப் ஒருவர் போனுக்குள்ளேயே கிடக்கும்.

முதலில், உங்கள் மாதம் எந்தத் தேதியில் தொடங்குகிறது?

காலண்டரில் ஒன்றாம் தேதி இருக்கட்டும். உங்கள் வீட்டு மாதம் பணம் கைக்கு வருகிற நாளில்தான் தொடங்குகிறது. ஷூ கம்பெனி, தோல் ஷாப், சிப்காட் வேலை என்றால் சம்பளம் 7-ஆம் தேதி வாக்கில் வரும். வீட்டுக்காரர் 5-ஆம் தேதியே வாடகைக்கு வந்து நிற்பார். இந்த இரண்டு நாளுக்காகவே மாதா மாதம் கைமாத்து வாங்குகிற வீடுகள் உண்டு. அட்வான்ஸ் கொடுக்கும்போதே, "சம்பளம் ஏழாம் தேதிங்க, எட்டாம் தேதி குடுத்துடறேன்" என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள். குடிவந்த பிறகு கேட்டால் முகம் சுளிப்பார்கள், முன்னாடியே கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அதன்பின் நோட்டில் பக்கத்தை 8-ஆம் தேதியிலிருந்து அடுத்த 7 வரைக்கும் போடுங்கள்.

வாரக்கூலி வீடுகளுக்குக் கணக்கு வேறு. வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் பீடி சுற்றுகிறவர்கள், தறிக்குப் போகிறவர்கள், தீப்பெட்டி வேலை செய்கிறவர்கள் என்று வாரக் கடைசியில் காசு பார்க்கிற வீடுகள் ஏராளம். அவர்கள் பட்ஜெட்டை நாலு வாரக் கூலிக்கு மட்டும் போடவேண்டும். வருஷத்தில் 52 வாரம், பன்னிரண்டு மாதத்துக்கு நாலு நாலாக எடுத்தால் 48தான். ஆகவே ஐந்து சனிக்கிழமை வருகிற மாதம் வருஷத்துக்குக் குறைந்தது நாலு உண்டு. அந்த ஐந்தாவது சனிக்கிழமைக் கூலியைச் செலவுக்கு எடுக்காமல், வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற செலவுக்கென்று தனியாக ஒரு டப்பா வைத்து அதில் அப்படியே போடுங்கள். சேமிக்கவே முடியவில்லை என்கிற வாரக்கூலி வீட்டுக்கு இதைவிட நோகாத வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்து வருஷச் செலவுப் பக்கம்

நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, மாதா மாதம் வராத செலவையெல்லாம் எழுதுங்கள். உட்கார்ந்து யோசிக்க ஒரு மணி நேரம் ஆகும். இந்த ஒரு மணி நேரம்தான் மொத்தத்தில் முக்கியம் என்பதால் அவசரப்பட வேண்டாம். உதாரணத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி வேலை, சம்பளம் 18,000. மனைவிக்கு வீட்டிலேயே தையல், சராசரியாக 8,000. இரண்டு பிள்ளைகள், சத்துவாச்சாரியில் வாடகை வீடு. அவர்கள் வருஷப் பக்கம் இப்படி இருக்கலாம்:

பள்ளி ஃபீஸ், நோட்டு, யூனிஃபார்ம் – 18,000
தீபாவளி – 10,000
பொங்கலும் ஆடிக் கிருத்திகையும் – 5,000
மொய் – 6,000
வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ் – 4,000
கரண்ட் பில், இரண்டு மாதத்துக்கு 700 வீதம் – 4,200
சிலிண்டர், வருஷத்துக்கு எட்டு, 900 வீதம் – 7,200
ஆஸ்பத்திரி, மருந்து – 3,600
விருந்தாளி – 2,000

மொத்தம் 60,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 5,000. 26,000 வருமானத்தில் 5,000 இவர்களுடையதே இல்லை, ஜூனுக்கும் தீபாவளிக்கும் சொந்தம். இது தெரியாமல், "வாடகை போக 19,500 இருக்கே, தாராளமா ஓட்டலாம்" என்று நினைத்துச் செலவழிக்கிற இடத்தில்தான் வண்டி கவிழ்கிறது.

விருந்தாளி என்று ஒரு வரி இருப்பதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். வேலூரில் குடியிருந்தால் சொந்தக்காரர் வருவார்கள். சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும் என்று ஒரு நாள் டோக்கனுக்கு வருவார், டெஸ்ட் ரிசல்ட் வர மூன்று நாள் ஆகும், கூட வந்த பிள்ளைகளுக்குக் கோட்டையும் ஸ்ரீபுரம் பொற்கோயிலும் காட்டாமல் அனுப்ப முடியுமா? நோயோடு வந்தவரிடம் கணக்குப் பார்ப்பது மனுஷத்தனம் இல்லை. அதனால்தான் முன்கூட்டியே ஒரு வரி ஒதுக்கச் சொல்கிறேன். காசு தயாராக இருந்தால் முகமும் மலர்ச்சியாக இருக்கும்.

மொய்க்கு ஒரு வசதி உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, பத்திரிகை வராது. ஆவணி, தை, வைகாசியில் ஒரே வாரத்தில் மூன்று வரும். ஆடி, மார்கழி மாதப் பங்கைத் தொடாமல் விட்டால் ஆவணியையும் தையையும் அது தாங்கும். வாங்கிய மொய் நோட்டைப் பார்த்து, யாருக்கு எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதையும் இந்தப் பக்கத்திலேயே எழுதுங்கள். குடியாத்தத்துக்காரர்கள் வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குத் தனியாக ஒரு வரி போட்டே ஆகவேண்டும். அன்றைக்கு வீட்டுக்கு எத்தனை பேர் சாப்பிட வருவார்கள் என்பது அம்மனுக்குத்தான் வெளிச்சம்.

மார்ச்சில் தொடங்குகிறவருக்கு ஒரு சிக்கல் வரும். ஜூனுக்குள் மூன்று மாதப் பங்கு 15,000தான் சேர்ந்திருக்கும், ஃபீஸ் மட்டுமே 18,000. நடுவில் சிலிண்டரும் கரண்டும் வேறு எடுத்திருக்கும். முதல் வருஷம் எல்லாருக்கும் இந்தப் பள்ளம் உண்டு. பள்ளியில் டெர்ம் டெர்மாகக் கட்ட விடுவார்களா என்று ஏப்ரலிலேயே ஆபீசில் கேட்டு வையுங்கள். இரண்டாவது வருஷம் பள்ளம் தானாகத் தூர்ந்துவிடும்.

பணத்தைப் பிரித்து வைப்பது

நோட்டில் மட்டும் பிரித்தால் போதாது, பணத்தையே பிரிக்கவேண்டும். நம் பாட்டிமார் அஞ்சரைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் ஒளித்து வைத்தது இதைத்தான். இன்று பணம் போனில் இருப்பதால் வேறு மாதிரி செய்யவேண்டியிருக்கிறது.

இரண்டு வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வருகிற கணக்கை ஜி.பே., போன்பே எதிலும் இணைக்காதீர்கள். சம்பளம் வந்த அன்றே வாடகையைக் கொடுத்துவிட்டு, வருஷப் பங்கு 5,000-ஐ அங்கேயே விட்டுவிட்டு, மாதச் செலவுக்கு உண்டானதை மட்டும் இரண்டாவது கணக்குக்கு மாற்றுங்கள். போனில் அந்தக் கணக்கு மட்டும் இருக்கட்டும். ஸ்கேன் பண்ணும்போது மீதி 640 என்று காட்டினால் கை தானாக நிற்கும். 24,000 என்று காட்டினால் யார் கையும் நிற்காது.

மேலே சொன்ன வீட்டுக்கு மாதப் பக்கம் இப்படி விழும். வாடகை 6,500, வருஷப் பங்கு 5,000, மளிகை 4,000, காய்கறியும் கறியும் 3,200, பால் 1,500, பெட்ரோலும் பஸ்ஸும் 1,500, போன், கேபிள் 700, ஆர்.டி. (மாதா மாதம் வங்கியில் கட்டும் சேமிப்பு) 1,500, அவசரத்துக்கு 800, கைச்செலவு 1,300. கூட்டினால் 26,000. கைச்செலவைக் கணவனும் மனைவியும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். அதற்கு யாரும் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம். டீ, பூ, நண்பனோடு ஒரு பஜ்ஜி எல்லாம் அதில் போகட்டும். இந்தச் சுதந்திரம் இல்லாத பட்ஜெட் இரண்டாவது மாதத்தில் சண்டையில் முடியும்.

இந்தத் தொகைகளைப் பார்த்து எழுதிக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டுக்கு உங்கள் தொகை. குடிதண்ணீருக்குக் கேன் வாங்குகிற தெருவா, குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வருகிற தெருவா என்பதிலேயே மாதம் 300 ரூபாய் வித்தியாசம் வரும்.

சமையலறைக் காசு வாரக் கணக்கில்

மாதம் முழுவதற்கும் காய்கறிக்கும் கறிக்கும் 3,200 என்று வைத்தால் முதல் பத்து நாளில் ஆப்பிளும் காலிஃபிளவரும், கடைசிப் பத்து நாளில் புளிக்குழம்பும் அப்பளமும்தான். வாரா வாரம் எடுங்கள். ஆனால் 3,200-ஐ நாலால் வகுத்து 800 என்று எடுத்தால் 29, 30, 31-ஆம் நாள் பட்டினி. வாரம் 700 எடுங்கள், மீதி 400 அந்தக் கடைசி இரண்டு மூன்று நாளுக்கு. வாரக் கணக்கு போட்டும் கடைசியில் துண்டு விழுகிறது என்று புலம்புகிறவர்கள் பலர் தடுமாறுவது இந்த இரண்டு மூன்று நாளில்தான்.

காய்கறிக்கு உழவர் சந்தை. வேலூரில் டோல்கேட், காட்பாடியில் ஒன்று. அன்றன்றைய விலை போர்டில் எழுதியிருக்கும், பேரம் வேண்டாம். விடியற்காலையில் போனால் நல்ல காய், வெயில் ஏறினால் மிச்சம்தான். நேதாஜி மார்க்கெட்டிலும் விலை குறைவுதான், ஆனால் கூடையைப் பார்த்ததும் ஆசை வந்து வாரத்துக்கு மேல் வாங்கினால் ஃபிரிட்ஜில் அழுகும். சீசனில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வந்தால் பட்ஜெட்டைக் கொஞ்சம் மறந்துவிடலாம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய காய் அது, எண்ணெய்க் கத்தரிக்காய் செய்தால் கறியைக் கேட்கமாட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கறியை நிறுத்தி மிச்சம் பிடிக்கலாம் என்று சிலர் ஆரம்பிப்பார்கள். வேண்டாம். ஆம்பூர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பிரியாணி இல்லாத பட்ஜெட் போட்டால் மூன்றாவது ஞாயிறு ஓட்டல் பார்சல் வரும், அரைக் கிலோ கறியைவிட அதுதான் அதிகம். வீட்டிலேயே செய்யுங்கள், அளவைக் குறையுங்கள்.

மளிகை மட்டும் மாதத்துக்கு ஒரே தடவை. மண்டித் தெருவில் மொத்தமாக வாங்கினால் பருப்பு, எண்ணெய், மிளகாய் எல்லாம் தெருமுனைக் கடையைவிடக் குறையும். போகும் முன் ரேஷனை வாங்கிவிடுங்கள். துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25 என்று ரேஷனில் கிடைப்பதை விட்டுவிட்டுக் கடையில் அதே பருப்பைப் பல மடங்கு கொடுத்து வாங்குவதில் அர்த்தமில்லை. ரேஷன் அரிசி இட்லிக்கு நன்றாகவே வரும். சாப்பாட்டுக்கு ஆரணி அரிசி மூட்டையாக வாங்குகிறவர்கள் கவனியுங்கள். 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள பை அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்ததால், வரியிலிருந்து தப்ப 26 கிலோ மூட்டை வந்துவிட்டது. மூட்டை விலையை மட்டும் கேட்காமல் எத்தனை கிலோ என்றும் கேட்டு, கிலோவுக்கு வகுத்துப் பாருங்கள்.

தெருமுனைக் கடையில் பற்று நோட்டு வைக்காதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. அவசரத்துக்கு அந்த அண்ணாச்சிதான் கொடுப்பார். அப்படியானால் உங்கள் வீட்டு நோட்டிலும் அதே நாள் அதே தொகையை எழுதுங்கள். "இன்னாமா, போன மாசம் பாக்கி முந்நூத்தி நாப்பது கீது" என்று அவர் சொல்லும்போது, ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல உங்களிடம் ஒரு ஆதாரம் வேண்டும்.

நோட்டில் என்ன எழுதுவது

ராத்திரி சாப்பிட்டபின் ஐந்து நிமிஷம். ஒரு நாளைக்கு ஒரு வரி. இப்படி:

12 செவ்வாய் – பால் 50, கேன் 35, கத்தரி முருங்கை 60, பெட்ரோல் 100, தெரியாது 120.

அந்த "தெரியாது" முக்கியம். போனில் 120 போயிருக்கிறது, எதற்கென்று ஞாபகம் இல்லை. "இன்னாங்க, எங்க ஸ்கேன் பண்ணீங்க?" என்று அரை மணி நேரம் விசாரணை நடத்தாதீர்கள். தெரியாது என்று எழுதிவிட்டுத் தூங்கப் போங்கள். மாதக் கடைசியில் தெரியாதையெல்லாம் தனியாகக் கூட்டுங்கள். 200, 300 என்றால் விட்டுவிடலாம். 2,000 வந்தால் ஓட்டை எங்கே என்று இரண்டு பேரும் சேர்ந்து தேடவேண்டியதுதான்.

கரண்ட் பில்

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை எடுப்பார்கள். ரேட் அடுக்கடுக்காக ஏறும். முதல் 100 யூனிட்டுக்கு இலவசம் என்பது 2016-இல் வந்தது. கவனிக்கவேண்டியது 500. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடாது, 101-லிருந்து 200 வரை இருந்த சலுகையும் போய்விடும். 490-க்கும் 510-க்கும் இருபது யூனிட்தான் வித்தியாசம், பில்லில் அதைவிடப் பெரிதாக அடிக்கும்.

அதனால் ரீடிங் எடுத்து முப்பதாவது நாள் நீங்களே மீட்டரைப் போய்ப் பாருங்கள். போன ரீடிங் அட்டையிலோ பில்லிலோ இருக்கும், இப்போதைய எண்ணிலிருந்து கழித்தால் ஆயிற்று. 260 ஓடியிருந்தால் 500 தாண்டப்போகிறீர்கள். ஏசியை ராத்திரி இரண்டு மணிக்கு அணைத்துவிட்டு ஃபேன் போட இன்னும் முப்பது நாள் கையில் இருக்கிறது. ரீடிங்காரர் வந்துபோன பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

வாடகை வீட்டில் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே ரேட்டில் வசூலிக்கிற வீட்டுக்காரர்கள் உண்டு. அங்கே இலவச யூனிட்டும் கிடைக்காது, அடுக்கும் கிடையாது. 6,000 வாடகை என்று போர்டில் இருந்தாலும் கரண்டோடு சேர்த்து எவ்வளவு விழும் என்று அட்வான்ஸுக்கு முன்னால் கேளுங்கள்.

பஸ்ஸைப் பற்றி ஒரு வரி. பாகாயம்–காட்பாடி டவுன் பஸ்போல சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட் இல்லை. மார்க்கெட், ரேஷன், பேங்க் வேலைகளை வீட்டு அம்மா பார்த்துக்கொண்டால் ஸ்கூட்டர் பெட்ரோலில் மிச்சம் பிடிக்கலாம். ஆனால் மூட்டை தூக்குகிற வேலை வேறு ஆளுடையதாக இருக்கட்டும்.

சீட்டு, தண்டல், நகைக்கடன்

நம் பக்கத்தில் இதைப் பேசாமல் பட்ஜெட் பேச முடியாது.

தீபாவளிச் சீட்டு வேலூர், ஆரணி, செய்யாறு என்று வடாற்காடு முழுக்க ஓடுகிறது. மாதம் 500 வீதம் பன்னிரண்டு மாதம் கட்டினால் வெள்ளிக் காசு, மளிகை, பட்டாசு, பலகாரம் என்று ஒரு மூட்டை. கட்டியது 6,000, மூட்டை மதிப்பு 9,000 என்று நோட்டீசில் போட்டிருந்தால், அந்த மூவாயிரம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். நியாயமாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் இப்படி அள்ளிக் கொடுப்பதில்லை. ஐப்பசியில் கடையைச் சாத்திவிட்டுப் போனவர்களின் கதை உங்கள் தெருவிலேயே ஒன்று இருக்கும். மாதா மாதம் கொழுத்த வட்டி என்று சொன்ன நிறுவனங்களில் போட்டு 2022-இல் நம் மாவட்டத்து மக்கள் பட்ட பாடும் அந்த ரகம்தான். அதே 500-ஐ தீபாவளி முடிந்த மாதமே, அடுத்த தீபாவளிக்கு முன் முடிகிற மாதிரி வங்கியில் ஆர்.டி.யாகப் போட்டால் வட்டியோடு வரும். நீங்களே மண்டித் தெருவுக்குப் போய் வேண்டியதை வாங்கலாம். தபால் ஆபீஸ் ஆர்.டி. மாதம் 100 ரூபாயிலிருந்து உண்டு, ஆனால் அது ஐந்து வருஷம். தீபாவளிக்கு ஒத்துவராது, பிள்ளையின் பிளஸ் டூ செலவுக்கு ஒத்துவரும்.

தண்டல் வேறு ரகம். 10,000 என்று பெயர், கையில் கொடுப்பது 8,500, நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்டவேண்டும். 1,500தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுக்கிறீர்கள் என்பதால் சராசரியாக உங்கள் கையில் இருந்த பணம் நாலாயிரத்துச் சொச்சம்தான். அதற்கு மூன்றேகால் மாதத்தில் 1,500 வட்டி. வருஷத்துக்குப் பார்த்தால் நூறு சதவீதத்தைத் தாண்டும். பூ விற்கிறவருக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் அன்றாடம் புரட்ட வேறு வழி இல்லாமல் இருக்கலாம். மாதச் சம்பள வீடு இதைத் தொடக்கூடாது. தவிர்க்கவே முடியாத நேரத்தில் மகளிர் குழுக் கடனோ வங்கி நகைக்கடனோ எவ்வளவோ மேல். நகைக்கடன் வாங்கினால், மீட்கவேண்டிய தேதியை வருஷப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதுங்கள்.

போனஸ் வந்தால் அதில் தீபாவளியைக் கழித்துவிட்டு மிச்சத்தை வருஷ டப்பாவில் சேர்க்கலாம். சட்டப்படி குறைந்த அளவு 8.33 சதவீதம், ஒரு மாதச் சம்பளம் என்று வாய்க்கணக்கு. ஆனால் கணக்கிடும் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருப்பதால் முழுச் சம்பளமும் கைக்கு வராமல் போகலாம். வந்த பிறகு பங்கு போடுங்கள், வருவதற்கு முன் டி.வி. புக் பண்ணாதீர்கள். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை 1,000 வருகிற வீடுகளில், அது மாதத்தின் நடுவில் வருவதால் அதைச் சிலிண்டருக்கென்று ஒதுக்கிவிடலாம்.

மாதக் கடைசியில்

சம்பளத்துக்கு முந்தின நாள் ராத்திரி இரண்டு பேரும் நோட்டோடு உட்காருங்கள். யார் அதிகம் செலவழித்தது என்று பார்க்க வேண்டாம், எந்த வரி மீறியது என்று மட்டும் பாருங்கள். முதல் மாதம் எல்லாம் மீறும். இரண்டாவது மாதம் மூன்று நாலு வரி மீறும். மூன்றாவது மாதமும் மளிகை 4,000-ஐத் தாண்டி 4,500-இல் நின்றால், உங்கள் வீட்டு மளிகை 4,500தான். அதை அப்படியே எழுதிவிட்டு, அந்த 500-ஐ எந்த வரியில் குறைப்பது என்று அன்றைக்கே முடிவு செய்யுங்கள். ஆர்.டி.யிலிருந்து எடுக்கலாம், கேபிளை நிறுத்தலாம், கைச்செலவில் ஆளுக்கு 250 குறைக்கலாம். வருஷப் பங்கு 5,000-இல் மட்டும் கை வைக்காதீர்கள்.